இருவர் பெயரில் ஒரு கணக்கு

சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கி வாசற்படியில் வைத்துவிட்டு, கேஸ் போடும் ஆள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். அம்பிகா அவன் நீட்டிய அட்டையைப் போனில் ஸ்கேன் செய்தாள். தொகையைப் போட்டு, ரகசிய எண்ணையும் அழுத்தினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வந்து நின்றது. சிக்னல் சரியில்லை என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கி, போனை உயர்த்திப் பிடித்து மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதே சிவப்பு. கணக்கில் போதிய இருப்பு இல்லை என்று அதன் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அவளால் நம்ப முடியவில்லை. முந்தின நாள் மாலைதான், வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரிலிருந்து வரும் வழியில், பணம் போடும் மெஷினில் மூவாயிரம் ரூபாயைத் தன் கையாலேயே அடுக்கி உள்ளே தள்ளியிருந்தாள். ஒரு நோட்டை மெஷின் திரும்பத் திரும்பத் துப்பியதும், அதைத் தொடையில் வைத்து நீவிக் கொடுத்ததும்கூட நினைவிருந்தது.

“கையில கேஷா இருந்தா குடுங்கக்கா. வண்டி ரோட்லயே நிக்குது” என்றான் அவன்.

பர்ஸில் இருநூற்றுச் சொச்சம் இருந்தது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்ததைப் போன வாரமே எடுத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டில் பூட்டு தொங்கியது. அவள் உள்ளே போவதையும் வெறுங்கையோடு வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லி ஆறியிருக்கலாம். “பரவால்லக்கா, அடுத்த லோடு வர்றப்ப பாத்துக்கலாம்” என்று சொல்லி, இறக்கி வைத்த சிலிண்டரைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். நிறை சிலிண்டர் ஒரு வீட்டிலிருந்து வெளியே போவதை, எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையில் ஈரப் புடவையோடு நின்று பார்த்தாள்.

ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு அம்பிகா நேராக பாங்க்குக்குப் போனாள். கவுண்டருக்குப் பின்னால் சித்தார்த்தன் என்று பெயர் அட்டை மாட்டிய இளம் அதிகாரி உட்கார்ந்திருந்தான். கணக்கு எண்ணைத் தட்டிவிட்டு, திரையைப் பார்த்தபடியே பேசினான்.

“நீங்க போட்ட பணத்த யாரும் எடுக்கல மேடம். வீட்டு லோன் தவணை இந்த மாசம் திரும்பியிருக்கு. அந்த சார்ஜுல கணக்கு மைனஸ்ல போயிடுச்சு. நேத்து நீங்க போட்டதும் பழைய பாக்கிய சிஸ்டம் தானா கழிச்சுக்கிச்சு.”

“ஒரு தவணைதான திரும்புச்சு. அதுக்கு எப்படி இவ்ளோ?”

“ஃபைனான்ஸ்காரங்க மூணு தடவ கேட்டிருக்காங்க. மூணு தடவயும் பணம் இல்ல. திரும்புற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சார்ஜ். அப்புறம் மினிமம் பேலன்ஸ் இல்லாததுக்குத் தனி.”

“பணம் இல்லாததாலதான் தவணை போவல. பணமே இல்லாதவங்ககிட்ட எதுக்கு சார் பணம் புடிக்கிறீங்க?”

இந்தக் கேள்வி பலர் கேட்டு அவனுக்குப் பழகியிருக்கும் போல. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “நாங்க புடிக்கல மேடம், சிஸ்டம் புடிக்குது. வேணும்னா ஒரு சார்ஜ மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்லி மேல எழுதிப் பாக்கறேன்” என்றான். பிறகு மௌஸை இன்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு, “போன மாசக் கடைசியில ஏடிஎம்ல பத்தாயிரம், பத்தாயிரமா ரெண்டு தடவ எடுத்திருக்கீங்களே, அத எடுக்காம இருந்திருந்தா தவணை போயிருக்கும்” என்றான்.

“நான் எடுக்கல. அவரு எடுத்தது.”

“அப்ப தவணைக்குன்னு உங்க பேர்ல தனியா ஒரு கணக்கு வச்சுக்கோங்க மேடம். இதுல உங்க பேர எடுத்துடலாம். ரெண்டு பேர் பேர்லயும் இருக்கறதால சார் வந்து ஒரு கையெழுத்து போடணும்.”

“அவரு வெளியூர்ல இருக்காரு.”

“துபாயா? சிங்கப்பூரா? அங்கேருந்தே அனுப்புற மாதிரி…”

“திண்டிவனம்.”

சித்தார்த்தன் அப்போதுதான் திரையை விட்டு முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. எதையோ கேட்க வந்தவன் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி வைத்துக் கொடுத்தான்.

யாராவது கேட்டால் சொல்வதற்கு அவளிடமும் ஒரு கதை இல்லை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் இன்ன நாள் என்று ஒரு தேதியாவது இருந்திருக்கும். மகள் கலைப்பிரியா பள்ளியில் படிக்கும்போது சாலாமேட்டில் இந்த வீட்டை வாங்கினார்கள். லோன் கொடுத்தவர்கள் இரண்டு பேர் பெயரிலும் கணக்கு வேண்டும் என்றார்கள். அப்போது கணவர் வேங்கடேசனிடம் இருந்த பட்டன் போன் அடிக்கடி நின்றுபோகும் என்பதால் கணக்குக்கு அம்பிகாவின் நம்பரைக் கொடுத்தார்கள். பிறகு அவருக்குத் திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. முதலில் தினமும் பைக்கில் போய் வந்தார். விடிவதற்கு முன்னாலேயே முதல் ட்ரிப் எடுக்க வேண்டும் என்பதால் பனிக்காலத்துக்கு மட்டும் என்று அங்கேயே ஒரு ரூம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு வந்தார். கலைப்பிரியா கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகு, வந்தாலும் இரண்டு பேரும் டிவியைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். வரவில்லையா என்று அவள் கேட்பதை நிறுத்தினாள். வரவில்லை என்று அவர் சொல்வதை நிறுத்தினார். கடைசியாக வந்தது எந்தப் பொங்கலுக்கு என்று அவள் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

மிஞ்சியது இந்தக் கணக்கு ஒன்றுதான். அவர் சம்பளம் அதில் விழும். அவள் தன் சம்பளத்தில் செலவு போக மீதியைப் போடுவாள். தவணை போனது போக அவர் கார்டைப் போட்டு எடுத்துக்கொள்வார். எடுத்ததும் அவள் போனில் ஒரு மெசேஜ் வரும். வெள்ளிக்கிழமையானால் ஐந்நூறு. வாரச் செலவுக்கு என்று வைத்துக்கொள்வாள். தீபாவளிக்கு முன்னால் இரண்டாயிரம் போனால் சட்டை எடுத்திருப்பார், நீலத்தில்தான் எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வாள். இரண்டு வாரம் ஒன்றும் வராவிட்டால், உடம்புக்கு முடியவில்லையோ என்று இருக்கும். மறுநாள் இருநூறு எடுத்ததாக வந்ததும் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் போன மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், ஐந்து நிமிட இடைவெளியில், பத்தாயிரமும் பத்தாயிரமும் போனது. ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்புறம் இந்த மாதம் அவர் சம்பளமும் வந்து விழவில்லை. வேறு கணக்குக்கு மாற்றிக்கொண்டார் என்று முடிவு கட்டினாள். அதற்கு மேல் மனம் போன இடங்களை வெளியே சொல்ல முடியாது. ஒரு பெண், ஒரு வாடகை வீடு, குக்கர் என்று ஒவ்வொன்றாகச் சாமான்கள் சேர்ந்தன. படுத்தால் அந்தக் குக்கர்கூட எத்தனை லிட்டர் என்று தெரிந்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னலோர சீட் கிடைத்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்தபோது வறுத்த மல்லாட்டை விற்கும் பெண் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். அம்பிகா கவனிக்கவில்லை. பேச வேண்டியதைக் கோர்த்துக்கொண்டிருந்தாள். இருபதாயிரம் எங்கே என்று ஆரம்பிப்பதா, சம்பளம் எங்கே என்று ஆரம்பிப்பதா. அவர் எதையாவது சொல்லி மழுப்பினால் அதற்கு இன்ன பதில், அந்தப் பெண் கதவைத் திறந்தால் இன்ன பேச்சு. கேஸ்காரன் சிலிண்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனதை எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதுவரை வரிசையாக வைத்திருந்தாள். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது எல்லாம் தயாராக இருந்தது.

மரக்காணம் ரோட்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, கல்லூரி வாசலில் கேட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். தகரக் கூரை போட்ட ஷெட்டில் மஞ்சள் பஸ்கள் வரிசையாக நின்றன. ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து மெக்கானிக் ஒருவர் முதுகைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். வேங்கடேசன் என்று சொன்னதும் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

“அண்ணன் ரூம்லதான் படுத்திருக்காரு. இன்னும் ஒரு மாசத்துக்கு வண்டியத் தொடக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. ஓட்டாத நாளுக்குச் சம்பளமும் கெடையாது. நீங்க யாருங்க?”

அம்பிகா கைப்பையை மாற்றிப் பிடித்தாள். “வீட்லேருந்து வர்றேன்” என்றாள்.

“அண்ணியா?” அவர் முகம் மலர்ந்தது. “என் பேரு துரைக்கண்ணுங்க. இப்பத்தான் வர முடிஞ்சுதுங்களா?”

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைக் கேட்கவில்லை. வெயிலில் வந்தவளைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அதனால்தான் அது அவளை அதிகமாகத் தைத்தது. அவள் கேட்காமலே அவர் சொல்லிக்கொண்டு போனார்.

“குடலெறக்கம்ங்க. ரொம்ப நாளா இருந்திருக்குது, பெல்ட்ட கட்டிக்கினு ஓட்டியிருக்காரு. அன்னிக்கு பசங்கள ஏத்திக்கினு வர்றப்ப வலி தாங்க முடியாம வண்டிய ஓரங்கட்டிட்டாரு. பஸ்ஸு முழுக்க பசங்க. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவாம ஓரங்கட்டினாரு பாருங்க, அதான் பெரிய விஷயம். ஆஸ்பத்திரில பணம் கட்டுனாதான் தியேட்டருக்குள்ள இட்டுக்கினு போவோம்னாங்க. அண்ணன் கார்டையும் நம்பரையும் என் கையில குடுத்து, எடுத்தாடான்னாரு. நான்தாங்க ஓடிப்போய் எடுத்தேன். பத்து பத்தா ரெண்டு தடவ.”

“வீட்டுக்கு சொல்லலியா?”

“நான் கேட்டேங்க. நம்பர் குடுண்ணே, சொல்லிடறேன்னு. வேணான்டா, அதுவே போயிருக்கும், வந்துடுவான்னாரு. அதுவேன்னா எதுன்னு எனக்கு வெளங்கலைங்க. மயக்க ஊசி போடப் போறப்பகூட போன வாங்கித் தலமாட்டுல வெச்சுக்கினாரு. கையெழுத்துக்கு யாருன்னு கேட்டாங்க. தம்பின்னு சொல்லி நான்தான் போட்டேன்.”

அம்பிகா பஸ்ஸின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டாள். வெயிலில் நின்ற தகரம் சுட்டது. கையை எடுக்கவில்லை. அந்த மத்தியானம் அவளும் போனைக் கவுண்டரின் மேல் மல்லாத்தி வைத்திருந்தாள். சூடு சொரணை இருந்தால் கூப்பிட்டுச் சொல்லட்டும், நானாகக் கேட்க மாட்டேன் என்று இருந்தாள். ஒவ்வொரு டோக்கனுக்கும் நடுவில் அதைப் பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். கோபம் குறையவிடாமல் பார்த்துக்கொள்வதே அவளுக்கு ஒரு வேலையாக இருந்தது.

ஷெட்டை ஒட்டிய அறை அது. கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மண் பானை, ஆணியில் இரண்டு காக்கிச் சட்டை, ஒரு நீலச் சட்டை. சுவரோரம், ஏதோ பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய இரண்டு பேர் உட்காரும் சீட் போட்டிருந்தது. குக்கர் எதுவும் இல்லை. வேங்கடேசன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தாடி வெளுத்து வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார்.

“வா. துரைக்கண்ணு சொன்னானா?”

“இல்ல. பணம் கேக்க வந்தேன்” என்றாள் அம்பிகா. வழியெல்லாம் கோர்த்து வைத்ததில் அந்த ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதையும் கேட்பது போலச் சொல்ல வரவில்லை.

அவர் மெதுவாக நடந்து வந்து பஸ் சீட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். வேறு இடம் இல்லாததால் அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

“தவணை திரும்பிடுச்சு. மூணு தடவ.”

“அய்யய்யோ. சார்ஜ் போட்டுட்டானா?”

“போட்டுட்டான். நேத்து கேஸ் வந்து திரும்பிப் போச்சு.”

வெளியே துரைக்கண்ணு ஸ்பானரைத் தரையில் போட்ட சத்தம் கேட்டது.

“கூப்ட்டிருக்கலாம்ல” என்றாள்.

“கூப்புடணும்னுதான் போன எடுத்தேன். ஆனா நீ எடுத்த ஒடனே இன்னான்னு ஆரம்பிக்கறது?”

“வயித்து வலின்னு ஆரம்பிக்கறது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் தையல் இழுத்திருக்க வேண்டும், வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்தார். அவள் கை தன்னால் அவர் முதுகுக்குப் போய், தொடாமல், சீட்டின் கம்பியில் நின்றது. வலி அடங்கிய பிறகும் அவர் நிமிரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உனக்குத்தான் மெசேஜ் வரும்ல. இருபதாயிரம் போனா, சண்டை போடறதுக்காவது நீ கூப்புடுவன்னு நெனச்சேன்.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, “காப்பீட்டு அட்டை பீரோவுலதான் இருக்குது. முண்டியம்பாக்கம் கவர்மெண்டு ஆஸ்பத்திரில சேந்திருந்தா ஒரு ரூபா ஆயிருக்காது” என்றாள்.

“அது அங்க இருக்குதுன்னு மறந்தே போச்சு.”

“நான் கொண்டாந்து குடுத்திருப்பேன்.”

“ம்.”

அவளே கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. வந்த காரியம் என்று ஒன்று இருந்தது, அதைச் செய்யாமல் கிளம்பினால் வேறு எதற்கோ வந்தது போல ஆகிவிடும் என்று இருந்தது. அவர் வாங்கி, பென்சில் குறி இருந்த இடத்தைப் பார்த்து, தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“இது இன்னான்னு கேக்க மாட்டீங்களா?”

“நீ கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும்.”

“தவணைக்குத் தனியா கணக்கு. பழசு உங்க கணக்குன்னு ஆயிடும். நீங்க எடுக்கறது போடறதெல்லாம் இனிமே எனக்கு வராது. உங்க நம்பருக்கே வரும்.”

அவர் பேனாவை மூடினார். மூடியை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார். “எனக்கு எதுக்கு? நான் எடுத்தது எனக்குத் தெரியாதா?” என்றார்.

அவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். துரைக்கண்ணு இரண்டு டம்ளரில் டீ வாங்கி, தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏதோ குறுக்கே வந்துவிட்டவர் போல உடனே போய்விட்டார். டீ குடித்து முடிக்கும்வரை கலைப்பிரியாவைப் பற்றிப் பேசினார்கள். ஓசூரில் தண்ணீர்க் கஷ்டம் என்று அவள் சொன்னாள். மகளுக்கும் ஆபரேஷன் தெரியாது, சொல்லாதே, பயந்துவிடும் என்று அவர் சொன்னார். பானையின் மேல் மூடி இல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகம் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்து அவள் எழுந்து, டீ டம்ளர் வந்த தட்டைக் கழுவி அதன்மேல் வைத்தாள்.

“வீட்டுக்கு வந்து இருங்க. தையல் ஆறுற வரைக்கும்” என்றாள், பானையைப் பார்த்துக்கொண்டே.

“வியாழக்கெழம தையலுக்குக் காட்டணும். காட்டிட்டுப் பாக்கறேன்.” வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட அதே குரல்தான். ஆனால் அவள் செருப்பை மாட்டும்போது, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் வெளியே வந்தார்.

ஷேர் ஆட்டோவில் அவர் குழிகளில் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. பின்னால் இரண்டு பஸ்களும் ஒரு பழ வண்டியும் அடைத்துக்கொண்டு நின்றன. அம்பிகா ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து பார்த்தபோது அவர் ஜன்னலுக்குக் கீழே இல்லை. எழுந்து பின்பக்கக் கண்ணாடி வழியாகத் தேடினாள். பஸ்ஸுக்குப் பின்னால் நடு வழியில் நின்றுகொண்டிருந்தார். கண்டக்டர் எங்கோ பேசிக்கொண்டிருக்க, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி இன்னொரு கையை உயர்த்தி, பழ வண்டியை ஒதுங்கச் சொல்லிவிட்டு, டிரைவரை வரச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். “வரலாம்… வரலாம்… லெஃப்ட்ல ஒடி… வரலாம்.” முன்பின் தெரியாத அந்த டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்தார். பஸ் திரும்பி நேரானதும் அவர் பக்கவாட்டில் ஒதுங்கி, தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி “ரைட்” என்றார். அந்தத் தட்டு, திரும்பி வந்து உட்கார்ந்த அம்பிகாவின் சீட்டுக்கு அடியில் அதிர்ந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே அவள் கையை நீட்டினாள். பஸ் அதற்குள் நகர்ந்துவிட்டிருந்தது.